காஜா பெராங்கில் வாங்கிய பச்சைக் கண்ணாடி

மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் சிரம்பானிலிருந்து மலாக்கா போனோம். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. அவர் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடைத்தெருவில் வாங்கிய ஸ்டைலான கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரும்பைப் பற்றவைத்தார். ராத்திரி, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் துடித்துப்போனார். விடிந்ததும் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் அவிழ்க்கலாம், பார்வை எப்படி என்று அப்போதுதான் தெரியும் என்றார்கள். பட்டறை முதலாளியோ சரியான கண்ணாடி இல்லாமல் வேலைக்கு வராதே என்றுவிட்டார். முகத்துக்கு அளவெடுத்துச் செய்பவர் ஒருவர் மலாக்காவில் காஜா பெராங்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கண்கட்டோடேயே இவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை பஸ். ஐம்பது மைல் சொச்சம், ஆளுக்கு இரண்டு வெள்ளி. தம்பின் ஊர் தாண்டும்வரை ரப்பர் காடெல்லாம் பனி. எனக்கே கனவுக்குள் போவதுபோல் இருந்தது; கண்ணைக் கட்டியவருக்கு எப்படி இருந்திருக்கும்!

“மரமெல்லாம் ஓடுதுங்க.”

“எங்க ஓடுது?”

“சிரம்பானுக்குத்தான்.”

சிரித்தார். ஆனால் என் கையை மட்டும் விடவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து ரிக்‌ஷா, ஐம்பது காசு. கண்ணாடி செய்பவர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துவிட்ட செட்டி சமூகத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, பேச்செல்லாம் மலாய். ‘மாமா’ என்றால் அவருக்குப் புரிந்தது, அப்படியே கூப்பிட்டேன். விரலால் இவர் மூக்கையும் கன்னத்தையும் தடவி அளந்தார். ஓரத்தில் வெளிச்சம் நுழையாதபடி மெல்லிய தோலை வெட்டித் தைத்தார். உள்ளே அடர்பச்சைக் கண்ணாடி, வெளியே தீப்பொறி தாங்க ஒரு சாதாக் கண்ணாடி, தலையைச் சுற்றிக் கட்டும் பட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப். மொத்தம் ஆறு வெள்ளி. அதில் பாதி, கப்பலில் வரும் அந்தப் பச்சைக்கே போகிறதாம். ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எனக்குக் கண் சொக்கியது.

மத்தியானம் கண்கட்டை அவிழ்த்தோம். வெளிச்சம் கூசும் என்று, இவர் கண்ணைத் திறக்கும் முன்பே மாமா புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

“லெச்சுமி, ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டு.”

இவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன்.

“தா நம்பாக்?” தெரியவில்லையா என்று மாமா கேட்டார். இவர் தலையாட்டினார்.

“பாகுஸ்!”

நல்லது என்கிறார் மனிதர்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதற்குள் அவர் இவரை வாசலுக்கு இழுத்துப்போய் முகத்தை மேலே திருப்பினார்.

“அட, சூரியன்! பத்துக் காசு மாதிரி, பச்சையா மிதக்குது லெச்சுமி!”

வெல்டிங் கண்ணாடி வழியே அறை தெரியக்கூடாதாம். சூரியனைப் போன்ற வெளிச்சம் மட்டும் பொட்டாகத் தெரியவேண்டுமாம். வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கறுப்பாக இருப்பதெல்லாம் கண்ணைக் காப்பாற்றாது. சுடுகிற ஒளி கண்ணுக்கே தெரியாதது. யார் போடப்போகிறாரோ அவரையே அளவெடுக்கக் கூட்டிப்போங்கள். கிடைத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்த்துத் தொலைக்காதீர்கள்.

நிழலுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றினார். சிவந்த கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னையே பார்த்தார்.

“அழுதியா?”

“இல்லையே.”

“பொய் சொல்லாத. இப்பத்தான் எனக்குக் கண்ணு தெரியுதே.”