பண்ணிடலாம் சாருக்கு ஒரு பரீட்சை

அந்தக் கட்டுமானக் கம்பெனியில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். "பண்ணிடலாம் சார்" என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கை காட்டிவிடுவார். வீடு கட்டுகிறவர்கள் பாதி வேலையில் வந்து, ஜன்னலை இங்கே நகர்த்துங்கள், படியை அங்கே திருப்புங்கள் என்பார்கள். மற்ற புராஜெக்ட் மேனேஜர்கள் எரிந்து விழுவார்கள். இவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு "பண்ணிடலாம் சார்" என்பார். பண்ணியும் விடுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு.

அந்தக் கம்பெனிக்கு முதன்முறையாக ஓர் அரசு வேலை கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடந்து போக ஒரு பாலம். தன் சர்வீஸில் ஒரு பாலமாவது கட்டிவிட வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. முதலாளியும் அவரைத்தான் மனசில் வைத்திருந்தார். ஆனால் அரசு ஒப்பந்தப் பயிற்சியில் தேறியவர்தான் அந்த வேலையைத் தொடலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பயிற்சியை நடத்துபவர் கம்பெனியின் ஒப்பந்தப் பிரிவு மேடம். அந்த மேடம் வேறு யாருமில்லை, நம்மவரின் மனைவி.

"அப்புறமென்ன? வீட்டுச் சாப்பாடு மாதிரி பாஸ் மார்க்கும் தட்டுக்கே வந்துடும்" என்று கேன்டீனில் கணக்குப்பிள்ளை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அது மேடத்தின் காதுக்கும் போனது. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட இடத்தில் முடிவெடுக்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். முதல் நாளே முதலாளியிடம் போய், தன் கணவருக்குத் தான் மார்க் போட முடியாது என்று சொல்லி, ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர் ஒருவரைத் தேர்வாளராக வரவழைத்தார். வகுப்பில் கணவரையும் மற்றவர்களைப் போல "சார்" என்றுதான் கூப்பிட்டார். காலையில் "ஏங்க, சாவி எடுத்தீங்களா?" என்று கேட்ட அதே வாய்! நம்மவருக்குச் சுருக்கென்றது. சொல்லிக்கொள்ள முடியுமா?

கடைசித் தேர்வு ஒரு நாடகம். பொறியாளர் அதிகாரியாக நடித்து ஏதாவது கேட்பார், எதிரே இருப்பவர் ஒப்பந்த விதிப்படி பதில் சொல்ல வேண்டும். நம்மவர் முறை வந்தபோது பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார்.

"சின்னப் பிள்ளைங்க நடக்கிற பாலம். ஓரத்துச் சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்திடுங்களேன். புண்ணியமாப் போகும்."

பிள்ளைகள் என்றதும் மனுஷனுக்கு மனசு இளகிவிட்டது. "பண்ணிடலாம் சார்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. தேறவில்லை என்று பொறியாளர் எழுதிக்கொண்டார். மேடத்தின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் பொரிந்து தள்ளினார். "ஒரு கண்ணசைச்சிருந்தா நீ தேஞ்சா போயிருப்ப?"

"போயிருப்பேன்" என்றார் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே.

"நல்ல காரியத்துக்குத்தானே சரின்னேன்?"

"நல்ல காரியந்தான். சுவரை உயர்த்தினா எடை ஏறும். பாலம் தாங்குமான்னு யார் கணக்குப் பார்த்தாங்க? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் எப்போ சொன்னேன்னு அந்த அதிகாரி கையை விரிச்சிடுவார். பெத்தவங்களுக்கு யாருங்க பதில் சொல்றது? ஒப்பந்தத்துல பேர் இருக்கிறவர்தான் மாத்தச் சொல்லலாம், அதுவும் எழுத்துல. எழுதிக் குடுங்கன்னு கேட்கிறது திமிர் இல்லை."

ஜன்னல் வேறு, பாலம் வேறு என்று அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த வாரம் மறுதேர்வு. வேடிக்கை பார்க்கக் கணக்குப்பிள்ளை உட்பட ஒரு கூட்டமே கூடிவிட்டது. பொறியாளர் கெஞ்சினார், புகழ்ந்தார், மேஜையைத் தட்டி மிரட்டியும் பார்த்தார்.

"நல்ல யோசனை சார். எழுதிக் குடுங்க. டிசைன் பண்ணவங்க பார்த்துச் சரின்னதும் செய்யறோம்" என்று நம்மவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பொறியாளர் சட்டென்று திரும்பினார். "மேடம், மார்க் நான் போட்டுக்கறேன். நீங்க பெரிய அதிகாரியா நடிச்சு, நீங்களே கேளுங்க."

மேடம் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தயங்கினார். பிறகு, வீட்டில் பேசுகிற அதே குரலில், "நான்தானே சொல்றேன்? எனக்காகப் பண்ணிடுங்களேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்கு அவர் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. மாமியார் வீட்டு மாடியை இடித்துக் கட்டிக் கொடுத்ததுகூட அந்தக் குரலுக்காகத்தான். "பண்..." என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும் மேடம். ஒப்பந்தத்துல உங்க பேர் இல்லை. பேர் இருக்கிறவர் கையெழுத்தோட வாங்க, பேசலாம்."

பொறியாளர் விழுந்து விழுந்து சிரித்தபடி முதல் ஆளாகக் கை தட்டினார்.

சான்றிதழை மேடம் தன் கையால் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டதால், முதலாளியே மேடையில் கொடுத்தார். கூடவே பாலத்தின் வரைபடச் சுருளையும் கையில் வைத்தார். வாங்கியவர் யாரையும் பார்க்காமல் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே மனைவி கண் நிறைய, கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளையிடம் அவர் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

"பார்த்தீங்கல்ல? அவர் என் வீட்டுக்காரர்!"