ஒளித்து வைத்த நாற்பது குதிரை

பொற்கொடி எந்த இன்ஜினையும் நம்பமாட்டாள். இன்ஜினைச் செய்தவனை அதைவிடக் கொஞ்சம் குறைவாக நம்புவாள்.

சும்மா வந்த குணமில்லை அது. மதுக்கரையில் சிமென்ட் மூட்டை தூக்கியவரின் மகள், பாலிடெக்னிக் முடித்து கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார்களைச் சோதிக்கும் வேலையில் எட்டு வருஷம் இருந்தாள். தகட்டில் ஐந்து ஹெச்.பி. என்று பளபளவென்று போட்டிருக்கும். சோதனை மேடையில் ஏற்றினால் நாலைத் தொடுவதற்குள் மோட்டாருக்கு மேல்மூச்சு வாங்கும். ஒருநாள் அதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொடுத்தாள்.

"மீட்டர் ரிப்பேருங்களா அம்மணி?" என்று பவ்வியமாகக் கேட்டார் முதலாளி.

"மீட்டர் நல்லாருக்குதுங்க. தகடுதானுங்க பொய் சொல்லுது."

அந்த மாதத்தோடு வேலை போயிற்று. கொங்கு நாட்டில் வேலையை விட்டுத் துரத்துவதைக்கூட மரியாதையாகத்தான் செய்வார்கள். காபி கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு செட்டிபாளையம் ரோட்டில் ரசாக் பாயின் டைனோ ஷெட்டில் சேர்ந்தாள். தரையில் பதித்த உருளைகளின்மேல் காரின் பின்சக்கரங்களை ஏற்றி, காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, இன்ஜினின் பலத்தை அளப்பதுதான் அங்கே தொழில். ரசாக்குக்கு ஐம்பத்தைந்து வயது, இடது புருவம் கிடையாது. ஒரு டர்போ இன்ஜினில் ஆயில் குழாய் விட்டுப்போய், பழுக்கக் காய்ந்திருந்த டர்போமேல் ஆயில் கொட்டியபோது, அவர் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். பொற்கொடி சேர்ந்த முதல் வாரமே ஷெட்டுக்குள் ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பச் சொன்னாள். இன்ஜின் முழுவேகத்தில் ஓடும்போது வண்டியில் யாரும் உட்காரக்கூடாது. ஆக்ஸிலேட்டரோடு இணைத்த நீளமான ஒயரைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் இழுக்கவேண்டும்.

இந்த வருஷம் செட்டிபாளையம் டிராக்கில் நடந்த பந்தயத் தொடருக்கு இரண்டு கம்பெனிகள் டர்போ இன்ஜின் கொடுத்தன. ஒன்று சிவப்பு அணிக்கு, இன்னொன்று நீல அணிக்கு. எந்த இன்ஜினும் இருநூறு குதிரைச் சக்தியைத் தாண்டக்கூடாது என்பது விதி. முதல் இரண்டு பந்தயங்களிலும் நேர்ரோட்டில் நீல வண்டி பறந்தபோது, சிவப்பு வண்டிகள் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்பதுபோலத் தெரிந்தன. சிவப்புக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

"எல்லாம் எங்க கனிஷ்காவோட திறமைங்க" என்றார் நீல அணியின் முதலாளி பாலகோபால். தொண்டாமுத்தூர்க்காரியான கனிஷ்காவுக்கு இருபத்திரண்டு வயது. நீல வண்டியை ஓட்டி அந்த இரண்டு கோப்பையும் வாங்கியவள். இதைக் கேட்டு அவள் முகம் பூரித்துப்போனது.

மூன்றாவது பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வண்டிகளை ஷெட்டுக்கு அனுப்பினார்கள் அமைப்பாளர்கள். பாலகோபாலும் கனிஷ்காவும் சிவப்பு அணிக்காரர்களும் கூடவே வந்திருந்தார்கள். நீல வண்டியை அளந்தாள் பொற்கொடி. இருநூறு. திரும்ப அளந்தாள். இருநூறு. மூன்றாம் முறையும் அதேதான்.

"இத்தனை ஒழுக்கமான இன்ஜினை நான் பார்த்ததே இல்லீங்க பாய். நாம அளக்கறது இதுக்குத் தெரியுது."

"இன்ஜினுக்குள்ள பேயா அம்மணி இருக்குது?"

"பேயில்லீங்க, கம்ப்யூட்டர். இங்க பின்சக்கரம் மட்டுந்தானுங்க சுத்துது. முன்சக்கரம் சும்மா நின்னா, வண்டி ரோட்டுல இல்லைன்னு அது கண்டுக்குது. உடனே பூனையாட்டம் பம்மிக்குது."

பக்கத்து மெஸ்ஸில் மாவாட்டும் பெரிய கிரைண்டரின் மோட்டாரை, சாயங்கால தோசைக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிவந்தாள். நீல வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். மோட்டாரின் சக்கரத்தை முன்டயரோடு அழுத்திப் பொருத்தினார்கள். பாலகோபாலின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"ஏனுங்க அம்மணி, இதெல்லாம் ரூல்ஸ்லயே இல்லீங்களே?"

"கிரைண்டர் வைக்கக்கூடாதுன்னும் ரூல்ஸ்ல இல்லீங்க, சார்."

கிரைண்டர் மோட்டார் முன்சக்கரத்தைச் சுற்றியது. பொற்கொடி ஒயரை இழுத்தாள். திரையில் எண் இருநூறைத் தொட்டது, நிற்கவில்லை. இருநூற்றுப் பத்து, இருபத்தைந்து, இருநூற்று நாற்பது. இன்ஜின் துப்பும் சூடான புகையில் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற சின்னச் சக்கரம்தான் டர்போ. தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டியதும் அது காது கிழிய ஊளையிட்டது. மூடி செக்கச் சிவந்தது. பாலகோபால் அதன் பக்கத்திலேயே நின்றார்.

"சார், சுவருக்கு இந்தப் பக்கம் வாங்க!"

"என் இன்ஜின், எனக்குத் தெரியாதா?"

பொற்கொடி ஒயரை விட்டாள். எட்டி அவர் பெல்ட்டைப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்துப்போட்டாள். அவர் குப்புற விழுந்ததும் டர்போ வெடித்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. ஒரு துண்டு தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு போனது. ஆயில் தீப்பற்றியது. ரசாக் மிச்சமிருக்கும் புருவத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் தீயணைப்பானை அடித்தார்.

புகை அடங்கியதும் கனிஷ்கா வண்டியருகே போனாள். டிரைவர் சீட்டின் தலைசாய்ப்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது என்ற தலை இருக்கற எடமுங்க" என்றாள். பிறகு பாலகோபாலைப் பார்த்தாள். "திறமைன்னு சொன்னீங்களே அண்ணா. நாற்பது குதிரையை ஒளிச்சு வச்சுப்போட்டா என்னைய ஓட்டச் சொன்னீங்க?"

அவர் சட்டையில் படிந்த கரியைத் தட்டிக்கொண்டிருந்தார். கனிஷ்கா ஷெட்டுக்கு வெளியே போய் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து அழுதாள். ஆறுதல் சொல்வது பொற்கொடிக்கு வராது. தண்ணி பாட்டிலோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்த ரெண்டு கோப்பையும் என்னுதில்லையாக்கா?"

"நேர்ரோட்டுல போனது குதிரை, கண்ணு. வளைவுல போனது நீ. எத்தனை குதிரை இருந்தாலும் வளைவுல ஒத்தாசைக்கு வராது."

இதற்குள் சிவப்பு அணியின் மேனேஜர் எல்லோருக்கும் ஜிலேபி கொடுக்க ஆரம்பித்திருந்தார். பொற்கொடி ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ரொம்ப நல்லாருக்குதுங்க. அடுத்தது உங்க வண்டிங்க. மோட்டாரை மாட்டுங்க பாய்."

ஜிலேபித் தட்டு அந்தரத்தில் நின்றது. சிவப்பு வண்டி இருநூற்றுப் பதினெட்டு காட்டியது. அதுவும் பம்முகிற ஜாதிதான், என்ன, பம்முவதில் கொஞ்சம் சோம்பேறி.

இரண்டு அணிகளின் பழைய புள்ளிகளும் ரத்தாயின. எல்லா வண்டிகளின் டர்போ அழுத்தத்தையும் குறைத்து, பொற்கொடி தன் கையாலேயே சீல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கனிஷ்கா நீல அணியின் உபரி வண்டியில் ஏறினாள். ஏறுமுன் சீலைத் தானே இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். வளைவுகளில் மூன்று சிவப்பு வண்டிகளை முந்தி இரண்டாவதாக வந்தாள். கோப்பை சின்னதுதான், பரிசு மேடையிலிருந்து இறங்கும்போது அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

பொற்கொடி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவருக்குப் பந்தயம் பிடிக்கவில்லை.

"ஸ்பீடே இல்லீங்க. யாரோ ஒரு பொம்பள ஷெட்டுக்குள்ள கூட்டிட்டுப்போய் அத்தனை வண்டியையும் கெடுத்துப்போட்டாளாம்."

"ஆமாங்க, மோசமான பொம்பளைங்க" என்றாள் பொற்கொடி.