அப்பா ஓட்டிப் பார்த்த கார்

அப்பா முப்பது வருடம் மாநகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வுபெற்ற பின் முட்டிவலி வந்து, கிளட்ச் மிதிப்பது அவருக்குக் கஷ்டமாகிவிட்டது. கிளட்ச்சே இல்லாத பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கித் தரலாம் என்று, அம்பத்தூரில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன்.

கறுப்புக் கார், தோல் இருக்கைகள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். நான் அவர் பக்கத்திலும் விற்பனையாளர் பின்னாலும் உட்கார்ந்தோம். ஆவடி சாலையில் வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அப்பா தனக்குத்தானே சிரித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

திருமுல்லைவாயல் வந்ததும், பழக்கதோஷத்தில் இடதுபக்கம் ஒதுங்கி, பேருந்து நிறுத்தத்தில் கச்சிதமாக நிறுத்திவிட்டார். கீரைக்கூடையோடு நின்றிருந்த ஒரு பெண்மணி குனிந்து பார்த்தார்.

"ஆவடி போவுமா நைனா?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "போவும், ஏறும்மா."

விற்பனையாளர் நகர்ந்து உட்கார்ந்து, கூடையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் நீரே வந்துவிட்டது.

"குலுங்கவே இல்லியே, சோக்கா கீது வண்டி," என்றார் அந்தப் பெண்மணி.

"அதத்தாம்மா நானும் காலைலேர்ந்து சொல்லிகினு கீறேன்," என்றார் விற்பனையாளர், முகமெல்லாம் பல்லாக.

ஆவடியில் அந்தப் பெண்மணியை இறக்கிவிட்டதும் அப்பா என் பக்கம் திரும்பி, "இதையே எடுத்துக்கலாம்பா," என்றார். அன்றைக்கே எடுத்துக்கொண்டோம்.