மரத்தில் மட்டும் கால்

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் வாழும் மோர்டன் வீட்டில், கூரைக்கடியிலுள்ள லொஃப்டை அறையாக்க, தளத்துக்கான புதிய மரச்சட்டங்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரத்தூள் வாசனையில் எனக்கு மறுபடி எட்டு வயது.

அப்போது அங்கே தளமில்லை. சட்டங்களுக்கிடையே வெறும் சீலிங் அட்டைதான். அப்பா ஏறினால், "இஞ்சாருங்கோ, மரத்திலை மட்டும் காலை வையுங்கோ!" என்று அம்மா கீழே நின்று கத்துவார். ஊர் திரும்ப அடுக்கிய இரண்டு சூட்கேசுகள் மேலே இருந்தன. போர்நிறுத்தம் என்று செய்தி வந்த அன்று, அவற்றை இறக்க அப்பா பாய்ந்து ஏறினார். அவரது கால் சீலிங்கைத் துளைத்து எங்கள் தலைக்குமேல் தொங்கியது. ஓட்டையை அடைத்தோம்; போர் மறுபடி மூண்டது, சூட்கேசுகள் பூட்டியபடியே கிடந்தன.

இன்று பலகை அடித்து முடிந்ததும் அப்பாவை மேலே கூட்டிப்போனேன். ஆணி வரிசைகளைப் பார்த்து, அடியில் சட்டம் ஓடும் இடத்தில் மட்டுமே மிதித்தார்.

"அப்பா, இனி எங்கை எண்டாலும் மிதிக்கலாம்."

நடுவில் நின்று ஒருமுறை குதித்தார். பலகை முனகக்கூட இல்லை.

"ஓம், தாங்கும்," என்றார். "அந்தச் சூட்கேசுகளைக் கொண்டா பிள்ளை. இனி இஞ்சையே திறப்பம்."