கொழுந்து லொறி வருவதற்குள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திவிட்டே தொடங்குகிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். என்னருகே நின்று பார்த்தால் போதும்.

பதுளையில் நடந்த விவாத அரங்கில், கட்டற்ற மென்பொருள் இருக்கும்வரை எந்தக் கருவியும் அதைச் செய்த நிறுவனத்துக்கு அடிமையில்லை என்று முழங்கினேன். கைதட்டல் அடங்குமுன் எதிரணித் தலைவி எழுந்தாள். "ஒரு கருவியையாவது நீங்கள் விடுவித்ததுண்டா?"

"வரும் சனிக்கிழமை இதே மேசையில் வைக்கிறேன்" என்றேன். அரங்கு ஆர்ப்பரித்தது. என் அணித் தோழன் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

என்னிடம் இருந்தது, கொழும்பில் வேலை பார்த்த அண்ணன் கழித்துக் கொடுத்த கைக்கணினி ஒன்று. அதற்குள் ஆர்ம் வகைச் செயலி. அதே நிறுவனத்தின் முந்தைய கைக்கணினியில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் ஓடியது. இந்த மாதிரிக்கு ஆதரவு இல்லை என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். செயலி ஒன்று, திரை ஒன்று, உருவமும் ஒன்று; ஆகவே அதில் ஓடுவது இதிலும் ஓடும் என்பது என் வாதம். ஒப்புமை காட்டிப் பேசி நான் மேடையில் தோற்றதே இல்லை.

பதுளை இணையக் கடையில் இறக்கிய கோப்புகளை அப்புத்தளைக்கு மேலே, தோட்டத்து உத்தியோகத்தர் குடியிருப்பில் இருந்த எங்கள் பழைய கணினியில் ஏற்றி, கம்பி வழியே கைக்கணினிக்கு அனுப்பினேன். திரை கறுத்தது, கறுத்தபடியே கிடந்தது. வாரம் முழுவதும் அதே கதைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் தோழன் வந்து சேர்ந்தான். "என்ன மச்சான், மொகம் மழ நாளுல வேலைக்கு ஆள் கூடாத பெரட்டுக்களம் மாதிரி வெறிச்சோடிக் கெடக்கு?"

"நான் செய்யிறதெல்லாம் சரிடா. இதுதான் கேக்க மாட்டேங்குது."

"எதிரணி பேசுறப்போ ஒரு வார்த்த விடாம குறிப்பு எடுப்பியே. இது என்னா சொல்லுதுன்னு ஒரு தடவயாச்சும் கேட்டியா?"

கேட்கவில்லை. அனுப்பும் அதே கம்பி வழியே கருவி பதிலும் தரும். அந்தப் பதில் தெரியும் சாளரத்தை நான் திறந்ததே இல்லை. திறந்தேன். மறுப்புரைக்கு எழுதுவதுபோல் வரிவரியாக எழுதிக்கொண்டேன். கடைசி வரியில் காரணம் கிடந்தது: கைக்கணினி தன்னை அறிமுகப்படுத்திச் சொன்ன இயந்திர எண்ணை, நான் அனுப்பிய லினக்ஸ் அறியவில்லை, அறியாததால் நின்றுவிட்டது. உருவம் ஒன்றானாலும் எண் வேறு.

லினக்ஸின் மூல நிரலில் அந்த எண்ணைச் சேர்த்து மீண்டும் தொகுத்தோம். பழைய கணினி பிற்பகல் வரை முனகிக்கொண்டே இருந்தது. அனுப்பினோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. தோழன் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

ஆனால் அது ஓடியது தற்காலிக நினைவகத்தில், அணைத்தால் அழிந்துவிடும். மேடையில் தானே எழ வேண்டுமானால் நிரந்தர நினைவகத்தில் எழுத வேண்டும். எழுதும்போது மின்சாரம் தடுமாறி, அனுப்பும் கணினி பாதியில் நின்றால் கருவி இனி ஒருபோதும் எழாது. எங்கள் வீட்டு மின்சாரமோ தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வருவது. பறித்த கொழுந்தோடு லொறி வந்ததும் அதை வாட்டுகிற பெரிய விசிறிகளைப் போடுவார்கள்; போட்டால் எங்கள் வீட்டு விளக்குகள் மங்கும், கணினி அணைந்துவிடும்.

"நீ எழுது. நான் ரோட்டப் பாக்குறேன்" என்று தோழன் வாசலுக்கு ஓடினான்.

பாதி எழுதிய வேளையில் அவன் குரல் வந்தது. "லொறி கோயில் வளைவுக்கு வந்துருச்சுடா!"

"அதுக்கு நான் என்னாடா செய்ய?"

"மேடையில மூச்சு விடாம பேசுவியே, இப்ப அத வேகமா ஓடச் சொல்லிப் பேசு!"

திரையில் ஊர்ந்த கோட்டைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. லொறியின் உறுமல் சுவருக்குள் இறங்கியது. கோடு முனையைத் தொட்டது. கம்பியைப் பிடுங்கினேன். விசிறிகள் எழுந்தன, விளக்கு மங்கியது, கணினி அணைந்தது. என் கையில் கைக்கணினி, வெள்ளை எழுத்துகளோடு, தன் மின்கலத்தில் விழித்திருந்தது.

சனிக்கிழமை அதை மேசையில் வைத்தேன். எழுந்தது. எதிரணித் தலைவி குனிந்து திரையை விரலால் தொட்டாள். ஒன்றும் நிகழவில்லை.

"தொட்டால் இயங்காதா?"

எத்தனையோ மறுமொழிகள் நாவில் வந்து நின்றன. "இயங்காது" என்றேன். ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டேன்.

"இந்தத் திரை தொட்டால் இயங்கும்வரை, அதற்கான திருத்தத்தை இதே கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளத் தரும்வரை, நான் இந்த மேடையில் ஏற மாட்டேன்."