எண்ணெய்த் தலையும் நாலு துறையும்

திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவில், பக்கத்து சீட் அம்மாவின் கூந்தலிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை... லாரிப் புகை, டீசல் நெடி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேரே என் மூக்கில் வந்து உட்கார்ந்தது. சிரித்துவிட்டேன். அந்த அம்மா முறைத்தார். போன மாதக் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

ராயபுரத்தில் இருக்கும் என் அக்காவின் மகள் ஷீபா, மூளை நரம்பியலில் ஆராய்ச்சி மாணவி. இயற்பியல், மருத்துவம், சைக்காலஜி, கம்ப்யூட்டர் – எல்லாத் துறைக்காரர்களையும் ஒரே வகுப்பில் போட்டுக் கலக்கும் படிப்பு. அன்று யாராவது ஒருவர் தலையில் கம்பி வைத்த தொப்பியை மாட்டி, மூளையின் மின்சாரத்தைப் பதிய வேண்டும். மறுநாள் பேராசிரியர்கள் முன்னால் அதைக் காட்டியாக வேண்டும். வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. மெஷினோ மதியம் வரைதான் அவளுக்கு. அம்மாவுக்கு போன் போட்டாள்.

"தலைக்குக் குளிச்சிட்டு வாம்மா. எண்ணெய் மட்டும் வைக்காத."

அக்கா வந்தாள், துணைக்கு நான். அக்காவுக்குப் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, நெற்றியில் வழியும் எண்ணெய்.

"எண்ணெய் வாணான்னு சொன்னேன்ல?"

"காஞ்ச தலையோட காலேஜுக்கு வந்தா, பெத்தவ இன்னா இப்டி கீறான்னு உன்னத்தாண்டி கேப்பாங்க."

தொப்பியை மாட்டினால் திரையில் வெறும் கிறுக்கல். எண்ணெய் மேல் கம்பி ஒட்டவில்லை. ஷீபாவின் கண்ணில் தண்ணீர்.

அப்புறம் நடந்ததுதான் பல்துறை ஆராய்ச்சி! ஷீபா அம்மாவின் பூவைக் கழற்றி வைத்தாள். கூடப் படிக்கும் டாக்டர் பையன் அக்காவின் கழுத்தைத் தாங்கி, கை கழுவும் தொட்டியில் சாய்த்தான். இயற்பியல் பெண் தண்ணீர் டியூபைப் பிடித்தாள். கம்ப்யூட்டர்காரன் ஓடிப்போய் ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்தான். சைக்காலஜி? "பயப்படாதீங்க ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே நின்றது. வந்த நாள் முதலாக ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாத துறைகள்... ஒரே ஒரு எண்ணெய்த் தலை சேர்த்து வைத்துவிட்டது.

"கண்ண மூடிக்கோம்மா. எதையும் நெனைக்காத."

"எப்டிடி? காஸ ஆஃப் பண்ணனான்னே தெரியல."

அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். திரையில் அலைகள் எழுந்தன – காற்றில்லாத நாளின் காசிமேட்டுக் கடல் மாதிரி. அடுத்த ஆள் மெஷின் கேட்டுக் கதவைத் தட்டவும், பதிவு முடியவும் சரியாக இருந்தது.

ஷீபா பஸ் ஸ்டாப் வரை வந்தாள். ஈரத்தலையோடு படியேறிய அக்கா திரும்பினாள்.

"கண்ண மூடிகினு உன் கவலையாத்தான் இருந்தேன். மெஷின்ல தெரிஞ்சிதா?"

"அதெல்லாம் அதுல தெரியாதும்மா."

"அத்தக்கூட காட்டாத மெஷினுக்கா என் பூவக் கழட்டுன?"