காப்பகத்தின் ஐந்து அறங்காவலர்கள்

போடியில் விடியுமுன்பே ஜீப்புகள் மலைக்குக் கிளம்பிவிடும். ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளை எங்கள் காப்பகத்தில் விட்டுப் போவார்கள். அதை நடத்திய அறக்கட்டளைக்கு நாங்கள் ஐந்து பேர் அறங்காவலர்கள். நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்றதும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐவரில் நான் ஒருத்திதான் பெண்.

சேர்ந்த அன்று அறக்கட்டளையின் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் என்னிடம் சொன்னார்: "பேருக்கு இருக்கலாம்னு நினைக்காதீங்க சிஸ்டர். கூட்டத்துக்கு வரணும், புரியாததக் கேக்கணும். நம்ம சொந்த லாபம் கலந்த விஷயம்னா எந்திரிச்சு வெளிய போயிறணும். நான் பேசாமத்தானே இருந்தேன்னு ஒருத்தரும் தப்பிக்க முடியாது."

அதை நான் முழுசாக நம்பினேன். வாரந்தோறும் போய்ப் பிள்ளைகளை எடை பார்ப்பேன், சளி, சிரங்கு கவனிப்பேன். பால், முட்டைப் பொறுப்பு ஐவரில் ஒருவரான மளிகைக்கடை பாயுடையது. ஒரு முட்டை கெட்டிருந்தாலும் அவரே வந்து மாற்றிக் கொடுப்பார். இடம் அறக்கட்டளைத் தலைவருடையது. ஏலக்காய் வியாபாரி. தம்முடைய பழைய கிடங்கை வாடகையில்லாமல் விட்டிருந்தார். அதற்காக அவரை மனதாரக் கும்பிட்டிருக்கிறேன்.

போன வருஷம் மழை தொடங்குமுன் அவர் கூட்டம் கூட்டினார். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"காய் தரம் பிரிக்க மிஷின் வருது, இடம் வேணும். காப்பகத்த இப்போதைக்கு நிறுத்திவைப்போம்" என்றார்.

"அண்ணே, இடம் உங்களோடது, கேக்கலாம். ஆனா காப்பகத்த நிறுத்துறதா வேண்டாமான்னு முடிவு பண்றப்ப நீங்க இருக்கக் கூடாது. கொஞ்சம் வெளிய இருங்க. வேற இடம் பாக்குற வரைக்கும் தவணை குடுங்க" என்றேன் நான்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நான் வெளிய போனா இடமும் எங்கூடவே வந்துரும் சிஸ்டர்."

மற்ற இருவரில் ஒருவர் அவருடைய மைத்துனர், இன்னொருவர் அவரிடம் வேலை பார்ப்பவர். நான் பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி தலைவருக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். என் மறுப்பை எழுதச் சொன்னேன். மறுக்காமல் எழுதினார்கள். அதனால் ஒன்றும் மாறவில்லை; காப்பகம் மூடப்பட்டது.

தெருமுனை வரை பாய் என் பின்னாலேயே வந்தார். "என் கடை அவரு கட்டடத்துல இருக்கு சிஸ்டர். ரெண்டு பொம்பளப் பிள்ளைகளக் கட்டிக்குடுக்கணும். என்னயக் கேவலமா நினைக்காதீங்க."

"நினைக்கல பாய்" என்றேன். உண்மையிலேயே நினைக்கவில்லை. மனதாரத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை.

நானே வீடு வீடாக இடம் தேடினேன். பிள்ளைகள் கத்தும் என்றார்கள். தலைவரே வேண்டாமென்று விட்டதை நாங்கள் எதற்கு எடுக்க வேண்டும் என்றார்கள். ஆடிட்டரிடம் போனேன். "கேஸ் போடலாம். ஆனா தீர்ப்பு வர்றப்ப இந்தப் பிள்ளைக கல்யாண வயசுல நிக்கும்" என்றார்.

ஜீப் நிற்குமிடத்தில் ஒருத்தி பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"மழையில இத எங்க போடுவ ஆத்தா?" என்று கேட்டேன்.

"செடிக்குள்ள சேலையில தொட்டில் கட்டிப் போட்டுக்கிருவேன். அட்டை ஏறாமப் பாத்துக்கிறணும். நீங்க எப்பம்மா திறப்பீங்க?"

ஜீப் வெரசாகக் கிளம்பிவிட்டது.

ஆடி மழையில் அந்தப் பிள்ளை நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துக்கொண்டது. தாய் வேலையை விட்டுவிட்டாள். அதன்பின் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறதென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான் அறக்கட்டளையிலிருந்து விலகவில்லை. விலகினால் கேட்க ஒருத்திகூட இருக்கமாட்டாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காப்பகத்தை எப்போது திறப்பது என்று போன கூட்டத்திலும் கேட்டேன்.

"பாப்போம் சிஸ்டர்" என்றார் தலைவர். டீயும் வடையும் வந்தன. அடுத்து, அறக்கட்டளையின் பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயின்ட் அடிப்பது பற்றி நெடுநேரம் பேசினார்கள்.